அறிவிப்புப் பலகையில் பேரு இருக்கு, ஆளு எங்கே?



போன மாதம் ஒரு சான்றிதழ் வேலையாக அரசுப் பல்கலைக்கழகம் ஒன்றுக்குப் போயிருந்தேன். எந்த ஊர், எந்தப் பல்கலைக்கழகம் என்று சொல்லப்போவதில்லை. சொன்னால் அந்த ஒண்ணு மட்டும்தான் அப்படி என்று ஆகிவிடும்.

நிர்வாகக் கட்டடத்தின் தரைத்தளத்தில் கண்ணாடி போட்டுப் பூட்டிய அறிவிப்புப் பலகை. டெண்டர் அறிவிப்பு, தேர்வுக் கட்டணத்துக்குக் கடைசித் தேதி, அதுக்கெல்லாம் கீழே ஓரமாக ஒரு பழுப்பேறிய தாள். ‘உள்ளகப் புகார்க் குழு’ என்று தலைப்பு. நம்ம ஊர்ல விசாகா கமிட்டின்னு சொல்லுவோமே, அதுதான். ஒன்பது பெயர்கள், ஒரு தொலைபேசி எண்.

என்னோடு வந்த தம்பி அங்கேயே படித்தவர். பட்டியலைப் பார்த்துவிட்டுச் சிரித்தார். “அண்ணே, தலைவர்னு போட்டிருக்கே, அந்த மேடம் ரிட்டயர் ஆகி மூணு வருஷம் ஆச்சு. ரெண்டாவது ஆளு வேற பல்கலைக்கழகத்துக்குப் போயிட்டாரு. மாணவர் பிரதிநிதின்னு இருக்கற பொண்ணு கல்யாணமாகி சிங்கப்பூர்ல இருக்கா.”

அந்த எண்ணுக்கு அங்கேயே நின்று போன் போட்டுப் பார்த்தேன். இந்த எண் உபயோகத்தில் இல்லை என்று ஒரு பெண் குரல் மூன்று மொழியில் சொன்னது. அந்த வளாகத்தில் ஒரு மாணவிக்கு ஏதாவது நடந்து, யார்கிட்ட சொல்லலாம்னு அவள் தேடி வந்தால், அவளுக்குக் கிடைக்கிற பதிலும் அந்தக் குரல்தான்.

நம் பக்கத்தில் பெண்ணுரிமை பற்றி எத்தனையோ பதிவு போட்டிருக்கோம். பெண் கல்விக்கு நாம் செய்தது, இன்னார் செய்யாதது, எல்லாம் எழுதியாச்சு. நீங்களும் லைக் போட்டீங்க, பகிர்ந்தீங்க. இந்தப் பதிவு கொஞ்சம் வேற மாதிரி. இதைப் படிச்சு முடிச்சதும் உங்களுக்கு ஒரு வேலை இருக்கு. அதுக்கு முன்னாடி விஷயத்தைச் சொல்லிடறேன்.

பெண்கள் படிக்க வந்துவிட்டார்கள். அதில் சந்தேகமே இல்லை. ஒன்றிய அரசின் 2021-22 உயர்கல்விக் கணக்கெடுப்பின்படி நாட்டில் உயர்கல்வி படிக்கிற 4.33 கோடிப் பேரில் 2.07 கோடி பேர் பெண்கள். உயர்கல்வி சேர்க்கை விகிதம் நாடு முழுக்க 28.4, தமிழ்நாட்டில் 47. அரசுப் பள்ளியில் படித்துவிட்டுக் கல்லூரிக்குப் போகும் பெண்ணுக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டம் 2022 செப்டம்பரில் வந்தது. 1904-இல் புதுக்கோட்டை மன்னர் கல்லூரியில் முத்துலட்சுமி என்கிற ஒரே ஒரு பெண்ணைச் சேர்த்துக்கொள்வதற்கு, பையன்கள் கெட்டுப்போவார்கள் என்று எதிர்ப்பு கிளம்பிய மண் இது. அங்கிருந்து இங்கே வந்திருக்கோம். சாதாரண விஷயம் இல்லை.

ஆனால் வாசல் வரைக்கும் கூட்டி வந்துவிட்டு, உள்ளே போனதும் ‘இனிமே உன் பாடு’ என்று விட்டுவிட்டால் எப்படி? அந்த மாதிரிதான் இருக்கு இப்போதைய நிலைமை. சட்டம் இல்லையா என்றால், அதெல்லாம் நிறையவே இருக்கு.

1997-இல் உச்ச நீதிமன்றம் விசாகா வழக்கில் வழிகாட்டுதல் கொடுத்தது. ராஜஸ்தானில் குழந்தைத் திருமணத்தைத் தடுக்கப் போன ஓர் அரசுத் திட்டப் பணியாளருக்கு நேர்ந்த கொடுமையிலிருந்து பிறந்த தீர்ப்பு அது. அதைச் சட்டமாக்க நாடாளுமன்றத்துக்கு 16 வருஷம் ஆனது. 2013-இல்தான் பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டம் வந்தது. அதே ஆண்டு யுஜிசி அமைத்த குழு ‘சாக்ஷம்’ என்ற அறிக்கையைக் கொடுத்தது. அதைத் தொடர்ந்து உயர்கல்வி நிறுவனங்களுக்கென்றே, 2015 என்ற ஆண்டைப் பெயரில் தாங்கிய தனி விதிமுறைகளை யுஜிசி வெளியிட்டது.

அந்த 2015 விதிமுறையை நம் தோழர்கள் ஒருமுறை படித்துப் பாருங்கள். யாரோ அனுபவப்பட்டவங்க உட்கார்ந்து எழுதியிருக்காங்க என்பது படிக்கும்போதே தெரியும்.

குழுவின் தலைவர் பெண்ணாக இருக்க வேண்டும்; பல்கலைக்கழகம் என்றால் பேராசிரியர் நிலைக்குக் கீழே இருக்கக் கூடாது. ஆசிரியர் இருவர், ஆசிரியரல்லாத பணியாளர் இருவர், பெண்ணுரிமைத் தளத்தில் வேலை செய்கிற வெளியாள் ஒருவர். மாணவர் சம்பந்தப்பட்ட புகார் என்றால் மாணவர்கள் மூன்று பேர்: இளநிலையிலிருந்து ஒருவர், முதுநிலையிலிருந்து ஒருவர், ஆராய்ச்சி மாணவர் ஒருவர். மொத்த உறுப்பினர்களில் பாதிப் பேராவது பெண்களாக இருக்க வேண்டும். பதவிக்காலம் மூன்று ஆண்டு.

இதில் இரண்டு இடத்தை நான் அடிக்கோடு போட்டு வைத்திருக்கிறேன். ஒன்று: துணைவேந்தர், பதிவாளர், டீன், துறைத் தலைவர் மாதிரி நிர்வாகப் பதவியில் இருக்கிறவர்கள் யாரும் இந்தக் குழுவில் இருக்கக் கூடாது. ஏன் என்று விளக்க வேண்டியதில்லை. பல்கலைக்கழகத்தின் ‘நற்பெயரை’க் காப்பாற்ற வேண்டிய பொறுப்பில் இருக்கிறவர், அதே பல்கலைக்கழகத்தில் நடந்த தப்பை விசாரிக்க உட்கார்ந்தால் என்ன ஆகும் என்று எல்லோருக்கும் தெரியும். இரண்டாவது: அந்த மூன்று மாணவர்களும் வெளிப்படையான ஜனநாயக முறையில் தேர்ந்தெடுக்கப்பட வேண்டும். நிர்வாகம் கைகாட்டி நியமிக்கிறதுக்கு இடமே இல்லை.

நம்ம ஊர்ப் பல்கலைக்கழகங்களில் எத்தனையில் இந்தத் தேர்தல் நடக்கிறது? மாணவர் பேரவைத் தேர்தலே பெரும்பாலான இடங்களில் வழக்கொழிந்து போச்சு. அப்புறம் இது எங்கே? ‘நல்லாப் படிக்கிற பொண்ணு, வம்புக்குப் போகாது’ என்று ஒருத்தரைப் பார்த்துப் பேரைப் போட்டுவிடுகிறார்கள். வம்புக்குப் போகாத ஆளாகப் பார்த்துப் போட்டால் அந்தக் குழுவும் வம்புக்குப் போகாது.

டெல்லி ஜவகர்லால் நேரு பல்கலைக்கழகத்தில் 1999 முதல் இதற்கென்றே ஓர் அமைப்பு இருந்தது. ஜிஎஸ்கேஷ் என்று சொல்வார்கள். மாணவர் பிரதிநிதிகளை மாணவர்களே வாக்களித்துத் தேர்ந்தெடுத்தார்கள். நாட்டில் மற்ற பல்கலைக்கழகங்கள் அதைப் பார்த்துக் கற்றுக்கொண்டன. 2017-இல் நிர்வாகம் அதைக் கலைத்துவிட்டுப் புதுக் குழுவை அமைத்தது. மாணவர்களும் ஆசிரியர்களும் போராடினார்கள். குழு என்ற பேரில் ஏதோ ஒன்று இருந்தால் போதாது, அதன் மேல் மாணவிகளுக்கு நம்பிக்கை இருக்கணும் என்பதுதான் அந்தச் சண்டை.

இப்போ கொஞ்சம் கசப்பான விஷயத்துக்கு வரேன்.

2024 டிசம்பர் 23 இரவு அண்ணா பல்கலைக்கழக வளாகத்தில் நடந்தது உங்கள் எல்லோருக்கும் தெரியும். அந்த மாணவி பயப்படாமல் போலீசில் புகார் கொடுத்தார். குற்றவாளிக்கு 2025 ஜூன் 2 அன்று சென்னை மகளிர் நீதிமன்றம் 30 ஆண்டுகளுக்குக் குறையாத ஆயுள் தண்டனை கொடுத்தது. ஐந்தே மாதத்தில் தீர்ப்பு. அதற்கு முழுக் காரணம் அந்தப் பெண்ணின் உறுதி.

ஆனால் நடுவில் என்ன நடந்தது? முதல் தகவல் அறிக்கை வெளியே கசிந்தது. அந்தப் பெண்ணின் அடையாளத்தோடு கசிந்தது. சென்னை உயர் நீதிமன்றம் கடுமையாகக் கண்டித்து, மூன்று பெண் ஐபிஎஸ் அதிகாரிகளைக் கொண்ட சிறப்புப் புலனாய்வுக் குழுவை அமைத்தது; அந்த மாணவிக்கு 25 லட்சம் ரூபாய் இடைக்கால இழப்பீடு கொடுக்கவும் உத்தரவிட்டது.

கசிய விட்டது யாராகவும் இருக்கட்டும். கசிந்ததை அந்த இரண்டு நாளில் வாட்ஸ்அப்பில் ஃபார்வேர்டு பண்ணியது யார்? எல்லாக் கட்சிக்காரனும் பண்ணினான். ‘பாருங்க இவங்க ஆட்சியோட லட்சணம்’ என்று ஒருத்தன், ‘எஃப்ஐஆர்ல என்ன எழுதியிருக்குன்னு படிங்கடா’ என்று இன்னொருத்தன். அதில் நம்ம ஆட்களும் இருந்தாங்க. மறுக்க வேண்டாம், எனக்கே மூணு குரூப்பில் வந்தது. அதில் ரெண்டு நம்ம குரூப்.

பாதிக்கப்பட்டவரின் அடையாளத்தை வெளியிடுவது குற்றம். பழைய தண்டனைச் சட்டத்திலும் குற்றம், இப்போதைய பாரதிய நியாய சன்ஹிதாவிலும் குற்றம். 2013 சட்டத்தின்படி பல்கலைக்கழகக் குழுவில் வரும் புகாரின் விவரத்தையும் வெளியே விடக் கூடாது. சட்டத்தை விடுங்க. அந்த வாரம் தமிழ்நாட்டில் எத்தனை மாணவிகள், ‘நாமளும் சொல்லலாமா’ என்று யோசித்துக்கொண்டிருந்திருப்பார்கள்? அந்த ஃபார்வேர்டைப் பார்த்த பிறகு எத்தனை பேர் வாயை மூடிக்கொண்டிருப்பார்கள்? இதுக்குக் கணக்கு எடுக்கவே முடியாது. பல்கலைக்கழகம் பயமுறுத்துகிறது, நிர்வாகம் மூடி மறைக்கிறது என்று நாம் எழுதுகிறோம். நம் கைபேசியும் பயமுறுத்தியிருக்கு, தோழர்களே.

அந்த வழக்கில் குற்றவாளி வெளியாள். அதனால் கேமரா, காவலாளி, கேட், அடையாள அட்டை என்று பேச்சு போனது. அதெல்லாம் தேவைதான். ஆனால் வளாகத்தில் ஒரு மாணவிக்கு இருக்கிற ஆபத்து எல்லாமே சுவர் ஏறிக் குதித்து வருவதில்லை. நிறைய ஆபத்து ஏசி ரூமில், நாற்காலியில், கையெழுத்துப் போடும் பேனாவோடு உட்கார்ந்திருக்கு.

ஆராய்ச்சி மாணவிகளைக் கேட்டுப் பாருங்க. பிஎச்.டி. பண்ற பொண்ணுக்கு கைடுதான் எல்லாம். வருகைப் பதிவுக்குக் கையெழுத்து அவர். ஃபெல்லோஷிப் பணம் வரணும்னா மாசாமாசம் அவர் கையெழுத்து. கருத்தரங்குக்குப் போக அனுமதி அவர். சினாப்சிஸ், ஆய்வேடு, வைவா, எல்லா வாசலிலும் அவர் நிற்கிறார். ஐந்து வருஷம், ஆறு வருஷம். வீட்டில் ‘எப்போ முடிப்பே, எப்போ கல்யாணம்’ என்று கேட்கிறார்கள். அந்த நேரத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை ‘லேபுக்கு வா’ என்று போன் வந்தால் அவள் என்ன செய்வாள்?

முதல் தலைமுறைப் பட்டதாரி, கிராமத்திலிருந்து வந்தவள், தலித் பெண் என்றால் இன்னும் மோசம். புகார் கொடுத்தால் அடுத்த நாளே ‘படிப்பை நிறுத்திட்டு ஊருக்கு வா’ என்று அப்பா சொல்லிவிடுவார் என்ற பயம், கைடு மேல் இருக்கிற பயத்தைவிடப் பெரிசு. புகார் கொடுத்தவள் படிப்பை விட்டுப் போவாள், புகாருக்கு ஆளானவர் அடுத்த வருஷம் துறைத் தலைவர் ஆவார்.

2015 விதிமுறையை எழுதினவங்களுக்கு இது தெரிந்திருக்கு. விசாரணை நடக்கும்போதே, புகாருக்கு ஆளானவர் அந்த மாணவியின் வேலையையோ தேர்வையோ மதிப்பிடக் கூடாது என்று தடுக்கலாம். இருவரில் ஒருவரை வேறு துறைக்கு மாற்றலாம். பாதிக்கப்பட்டவருக்குச் சலுகை எதுவும் குறையாமல் மூன்று மாதம் வரை விடுப்பு தரலாம் என்று அதில் இருக்கு. கைடை மாற்றிக் கொடுப்பது யாரும் போடும் பிச்சை இல்லை, விதியில் உள்ள வழி. எத்தனை மாணவிகளுக்கு இது தெரியும்? முதலாம் ஆண்டு சேரும் நாளில் ராகிங் தடுப்புப் படிவத்தில் கையெழுத்து வாங்குகிறார்களே, அதோடு இந்த ஒரு பக்கத்தையும் தமிழில் அச்சடித்துக் கொடுத்தால் என்ன செலவாகிவிடும்?

காலக்கெடுவும் இருக்கு. சம்பவம் நடந்த மூன்று மாதத்துக்குள் புகார். தகுந்த காரணம் இருந்தால் மேலும் மூன்று மாதம். 90 நாளுக்குள் விசாரணையை முடிக்கணும். அறிக்கை வந்த 30 நாளுக்குள், மேல்முறையீடு இல்லாத பட்சத்தில், நிர்வாகம் நடவடிக்கை எடுக்கணும். ‘கூப்பிட்டுப் பேசி முடிச்சுடலாம்மா, உன் எதிர்காலம் முக்கியம்’ என்று பதிவாளர் அறையில் டீ கொடுத்துப் பேசுவது இந்த விதியில் எங்கேயும் இல்லை. சமரசம் என்றால் அதைப் பாதிக்கப்பட்டவர்தான் கேட்கணும், அதிலும் பணப் பேச்சே இருக்கக் கூடாது.

“பொய்ப் புகார் வந்தா?” என்று கமெண்டில் கேட்கப்போகிற தம்பிகளுக்கு: வேண்டுமென்றே பொய்யாகக் கொடுத்தால் நடவடிக்கை எடுக்கவும் அதே விதியில் இடம் இருக்கு. நிரூபிக்க முடியவில்லை என்பதாலேயே அது பொய்ப் புகார் ஆகிவிடாது என்றும் இருக்கு. இரண்டையும் சேர்த்துப் படிங்க.

குழுவை ஒழுங்காக அமைக்காமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு கோவா பல்கலைக்கழக வழக்கு ஒன்று போதும். 2009-இல் மாணவிகள் ஒரு துறைத் தலைவர் மேல் புகார் கொடுத்தார்கள். குழு விசாரித்தது, அவரைப் பணிநீக்கம் செய்தார்கள். பம்பாய் உயர் நீதிமன்றம் 2012-இல் அதை உறுதி செய்தது. ஆனால் 2023 மே மாதம் உச்ச நீதிமன்றம் பணிநீக்கத்தை ரத்து செய்து, மறுபடி விசாரிக்கச் சொல்லி அனுப்பியது. குற்றமே நடக்கவில்லை என்று நீதிமன்றம் சொல்லவில்லை. குழு அவசர அவசரமாக விசாரித்தது, எதிர்த்தரப்புக்குச் சரியான வாய்ப்புத் தரவில்லை, முறை தவறியது என்பதுதான் காரணம்.

யோசிச்சுப் பாருங்க. 2009-இல் கல்லூரியில் படித்த பெண்களுக்கு 2023-இல் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருக்கும். 14 வருஷம் கழித்து ‘முதல்லேருந்து ஆரம்பிங்க’ என்று சொன்னால் எப்படி இருக்கும்? குழு உறுப்பினர்களுக்கு முறையாக விசாரிக்கத் தெரியவில்லை என்றால் இரண்டு பக்கத்துக்கும் அநீதிதான்.

அதே தீர்ப்பில் உச்ச நீதிமன்றம் இன்னொன்றும் செய்தது. சட்டம் வந்து பத்தாண்டு ஆகியும் நடைமுறை இவ்வளவு மோசமாக இருக்கிறதே என்று வருத்தப்பட்டு, அமைச்சகங்கள், அரசு நிறுவனங்கள், பல்கலைக்கழகங்கள் எல்லாவற்றிலும் குழு இருக்கிறதா, சட்டப்படி அமைக்கப்பட்டிருக்கிறதா, உறுப்பினர் விவரம் இணையதளத்தில் போட்டிருக்கிறதா என்று சரிபார்க்கச் சொன்னது. உறுப்பினர்களுக்குப் பயிற்சி கொடுக்கவும் சொன்னது. 2024 டிசம்பரில் மறுபடியும் விரிவான உத்தரவு போட்டது. உச்ச நீதிமன்றமே இரண்டு தடவை சொல்லியாச்சு. நான் பார்த்த அந்தப் பழுப்புத் தாள் இன்னும் அங்கேயேதான் தொங்குது.

குழு அமைக்காத நிறுவனத்துக்கு 2013 சட்டப்படி 50,000 ரூபாய் வரை அபராதம். யுஜிசி விதிப்படி மானியம் பெறும் தகுதியே போகலாம். ஆனால் காகிதத்தில் குழு ‘அமைத்து’ விட்டால் அபராதமும் இல்லை, கேள்வியும் இல்லை. அதனால்தான் எல்லா இடத்திலும் காகிதம் மட்டும் கரெக்டாக இருக்கு.

விடுதி விஷயம் ஒன்று இருக்கு, அதையும் சொல்லிவிடுகிறேன். பாதுகாப்பு என்றதும் நிர்வாகத்துக்கு உடனே நினைவுக்கு வருவது மாணவியர் விடுதியின் பூட்டு. பையன் ஒன்பதரை மணிக்கு நூலகத்தில் படித்துவிட்டு, டீ குடித்துவிட்டு வரலாம். பெண் ஆறரைக்கு ரோல் காலுக்கு நிற்கணும். அதே நூலகம், அதே கட்டணம், அதே நெட் தேர்வு. பெண்களின் பாதுகாப்பைக் காரணம் காட்டி, ஆண்களுக்கு இல்லாத விதிகளைப் பெண்கள் விடுதியில் போடக் கூடாது என்று 2015 விதிமுறை வெளிப்படையாகவே சொல்லுது. பாதுகாப்பு என்ற பேரில் பெண்களின் நடமாட்டத்தைக் கண்காணித்து முடக்கக் கூடாது என்றும் சொல்லுது. விளக்கு போடு, பஸ் விடு, காவலர்களுக்குப் பயிற்சி கொடு என்பதுதான் அதன் வழி.

2022-இல் கோழிக்கோடு மருத்துவக் கல்லூரி மாணவிகள் இரவு ஒன்பதரை மணிக் கட்டுப்பாட்டை எதிர்த்துக் கேரள உயர் நீதிமன்றத்துக்குப் போனார்கள். ஆண்களுக்கு இல்லாத கட்டுப்பாடு பெண்களுக்கு மட்டும் எதுக்கு என்று நீதிமன்றம் கேட்டது. அரசு விதியை மாற்றி, இருபாலருக்கும் ஒன்றாக்கியது. அடுத்த மாதமே, 2023 ஜனவரியில், கேரள அரசு உயர்கல்வித் துறையின் கீழுள்ள பல்கலைக்கழகங்களில் மாணவிகளுக்கு மாதவிடாய் விடுப்பு அறிவித்தது. தேர்வெழுத 75 விழுக்காடு வருகை வேண்டும் என்பது மாணவிகளுக்கு 73 ஆனது. கொச்சி அறிவியல் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் மாணவர் பேரவை கேட்டுப் பெற்றதை மாநிலம் முழுக்க விரித்தார்கள். பக்கத்து மாநிலம்தான். நல்லதை யார் செய்தாலும் எடுத்துக்கொள்வதில் நமக்கு என்ன கூச்சம்?

ஆராய்ச்சி மாணவிகளுக்கு 240 நாள் வரை மகப்பேறு, குழந்தைப் பராமரிப்பு விடுப்பு உண்டு. ஆய்வை முடிக்கக் கூடுதலாக இரண்டு ஆண்டு உண்டு. இதுவும் யுஜிசி விதிதான். இதைச் சொன்னபோது ஒரு ஆராய்ச்சி மாணவி என்னிடம் கேட்டார்: “அது லீவு லெட்டர்ல போடறதுக்கு. கைடுகிட்ட யாரு சொல்றது?”

கௌரவ விரிவுரையாளர்கள் கதை தனிப் பதிவுக்கு உரியது. வருஷத்துக்குப் பதினோரு மாதச் சம்பளத்தில், அடுத்த வருஷம் வேலை இருக்குமா என்று தெரியாமல் பாடம் நடத்தும் பெண்கள். தற்காலிகம், ஒப்பந்தம் என்ற வேறுபாடு இல்லாமல் 2013 சட்டம் அவர்களையும் காக்கிறது. ஆனால் யார் மேல் புகார் கொடுக்கணுமோ, அவரே வேலை நீட்டிப்புக் கோப்பையும் கையில் வைத்திருக்கிறார். துப்புரவுப் பணிக்கு ஏஜென்சி மூலம் வரும் அம்மாக்களைப் பற்றி யோசிக்கவே ஆளில்லை. அவர்களில் எத்தனை பேருக்கு இப்படி ஒரு குழு இருப்பதே தெரியும்? திருநர் மாணவர்களும் பாலினம் சார்ந்த வன்முறைக்கு ஆளாகக் கூடியவர்கள், அவர்களையும் காக்க வேண்டும் என்று 2015 விதியிலேயே எழுதியிருக்கு. அதைப் படித்த குழுத் தலைவர்கள் எத்தனை பேரோ.

துணைவேந்தர் நியமன இழுபறி பற்றி நம் தோழர்களுக்குப் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. 2023-க்குப் பிறகு சென்னைப் பல்கலைக்கழகம் தொடங்கிப் பல பல்கலைக்கழகங்கள் துணைவேந்தர் இல்லாமல் ஒருங்கிணைப்புக் குழுவை வைத்து ஓடின. 2024 டிசம்பரில் அந்தச் சம்பவம் நடந்தபோது அண்ணா பல்கலைக்கழகத்திலும் துணைவேந்தர் இல்லை. தலை இல்லாத இடத்தில் பொறுப்பு யாருடையது என்பது பெரிய கேள்வி, அதற்காக நாம் அரசியல் சண்டை போட வேண்டியதுதான். ஆனால் ஒரு பழைய பெயர்ப் பட்டியலைக் கிழித்துவிட்டுப் புதிதாக ஒட்டுவதற்குத் துணைவேந்தர் வர வேண்டும் என்று யாராவது சொன்னால் நம்பாதீங்க.

ஆளுங்கட்சியோ எதிர்க்கட்சியோ, எல்லாக் கட்சி சட்டமன்ற உறுப்பினர்களும் பல்கலைக்கழக செனட்டுகளில் உட்கார்ந்திருக்கிறார்கள். நம்மவர்களும் இருக்கிறார்கள். கூட்டத்துக்குப் போகிறார்கள், பட்ஜெட்டுக்குக் கை தூக்குகிறார்கள், சாப்பாடு சாப்பிட்டுவிட்டு வருகிறார்கள். ‘இந்த வருஷம் புகார்க் குழுவுக்கு எத்தனை புகார் வந்தது, எத்தனை 90 நாளில் முடிந்தது, ஆண்டறிக்கை எங்கே’ என்று செனட்டில் ஒரு கேள்வி கேட்டால், அந்தக் கோப்பு அன்றைக்குத் தூசி தட்டப்படும். புகார் பூஜ்யம் என்று பதில் வந்தால் கைதட்டாதீங்க. ஐயாயிரம் பெண்கள் படிக்கிற இடத்தில் பூஜ்யம் என்றால், அங்கே யாரும் அந்தக் குழுவை நம்பவில்லை என்று அர்த்தம்.

அடுத்து, எதிர்த்தரப்புக்காரன் நிச்சயம் கேட்பான்: “உங்க கட்சியில அந்தக் கமிட்டி இருக்கா?” நியாயமான கேள்வி. கட்சிக்கும் தொண்டருக்கும் முதலாளி-தொழிலாளி உறவு இல்லை, அதனால் குழு அமைக்கும் கட்டாயம் கட்சிகளுக்கு இல்லை என்று 2022-இல் கேரள உயர் நீதிமன்றம் சொல்லியிருக்கு. சட்டப்படி தப்பிக்கலாம். ஆனால் நம் மாணவர் அமைப்பில் இருக்கிற தங்கச்சி, ஒரு மாவட்டப் பொறுப்பாளர் மேல் புகார் சொல்ல வேண்டுமென்றால் யாரிடம் போவாள் என்று நான் மகளிர் அமைப்புத் தோழர்கள் நாலு பேரிடம் கேட்டேன். நாலு பேரும் நாலு பெயர் சொன்னார்கள். நாலும் ஆண் பெயர். தலைமைக்கு இதை எழுதிக் கொடுத்திருக்கிறேன். இந்தப் பக்கத்திலேயே இதைப் போட அனுமதித்ததற்கு நன்றி. பதிலும் இந்தப் பக்கத்திலேயே வர வேண்டும் என்று கேட்கிறேன்.

இனி உங்கள் வேலை.

உங்க ஊருக்குப் பக்கத்தில் இருக்கிற அரசுப் பல்கலைக்கழகத்தின் பொதுத் தகவல் அலுவலருக்கு ஒரு மனு எழுதுங்க. வெள்ளைத் தாள், 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை, விரைவுத் தபால். உள்ளகப் புகார்க் குழுவின் இப்போதைய உறுப்பினர்கள் யார், எந்தத் தேதியில் நியமிக்கப்பட்டார்கள். மூன்று மாணவப் பிரதிநிதிகளும் எந்தத் தேதியில், எந்த முறையில் தேர்ந்தெடுக்கப்பட்டார்கள். கடந்த மூன்று ஆண்டில் வந்த புகார்களின் எண்ணிக்கை, 90 நாளுக்குள் முடிந்தவற்றின் எண்ணிக்கை. உறுப்பினர்களுக்குக் கடைசியாகப் பயிற்சி நடந்த தேதி. மாணவர், மாணவியர் விடுதிகளின் இரவு நேர விதிகளின் நகல். இவ்வளவுதான். 30 நாளில் பதில் தரணும். தரவில்லை என்றால் மேல்முறையீடு இருக்கு, நம் வழக்கறிஞர் தோழர்கள் உதவுவார்கள்.

புகார் கொடுத்தவர் பெயரைக் கேட்காதீங்க. துறையைக் கூடக் கேட்காதீங்க. நாலு மாணவிகள் இருக்கிற துறை என்றால் அதுவே பெயர் சொன்ன மாதிரி. எண்ணிக்கை போதும்.

பதில் வந்ததும் உடனே ஃபேஸ்புக்கில் போடாதீங்க. மாவட்டத்தில் இருக்கிற மகளிர் அமைப்புத் தோழர்களிடம் முதலில் காட்டுங்க. அவங்க படிச்சுட்டு, போடலாம் என்று சொன்னால் போடலாம். நான் பார்த்த பல்கலைக்கழகத்துக்கு மனுவை நேற்றே அனுப்பிவிட்டேன், ஒப்புகை அட்டை இன்னும் வரவில்லை.